குவாண்டம் ஆப்டிக்ஸ் குரூப்ல யாரு யாரு இருப்பாங்க, தங்கச்சி யாரை நம்பி சேரணும்?

குடியாத்தத்துல இருந்து ஒருத்தர் கேட்டிருக்கார். தங்கச்சி வேலூர்ல எம்எஸ்சி ஃபிசிக்ஸ் முடிச்சுட்டாளாம், வெளியூர் யூனிவர்சிட்டி ஒண்ணுல குவாண்டம் ஆப்டிக்ஸ், அதாவது ஒளியை ஒத்தை ஒத்தை ஃபோட்டானா வெச்சு ஆராயற ஃபிசிக்ஸ், அந்த ரிசர்ச் குரூப்ல சேரச் சொல்லி கூப்ட்டிருக்காங்களாம், குரூப்ல இருக்கறவங்க லிஸ்ட்ட பார்த்தா ப்ரொஃபசர், போஸ்ட்டாக், எஸ்ஆர்எஃப், ஜேஆர்எஃப், ப்ராஜெக்ட் அசோசியேட், டெக்னீஷியன்னு என்னென்னமோ போட்டிருக்காம். இவங்கல்லாம் யாரு, லேபுன்னா நம்ம காவலூர் டெலஸ்கோப் மாதிரி பெரிய மெஷின் எதாவதா, ராத்திரியெல்லாம் அங்கயே இருக்கணும்னு சொல்றாங்களே அனுப்பலாமா, வீட்ல வேற மாப்பிள்ளை பாக்கற பேச்சு ஓடிக்கினு இருக்குன்னு எழுதியிருக்கார். அண்ணனா நீங்க உண்மையில கேக்கறது, பாப்பா அஞ்சு வருஷம் யார் கையில இருப்பா, டிகிரியோட வெளிய வருவாளா, இது ரெண்டுதான்னு எனக்குப் படுது. அதுக்குத்தான் பதில் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும்.

நான் வாலாஜாக்காரன். இந்த ஃபீல்டுல எக்ஸ்பெரிமென்ட் பக்கம் பிஎச்டி பண்ணேன், அப்பால வெளிநாட்டுல போஸ்ட்டாக்கா இருந்துட்டு திரும்பி வந்து இப்ப காட்பாடி பக்கம் ஒரு காலேஜ்ல பாடம் எடுத்துக்கினு இருக்கேன், வருஷா வருஷம் நம்ம ஊர்ப் பசங்க இந்த மாதிரி லெட்டரை எடுத்துக்கினு வந்து காட்டுவாங்க. உங்க தங்கச்சி போகப்போற குரூப் எதுன்னு நீங்க சொல்லல, சொன்னாலும் உள்ள இருக்காதவன் அதைப் பத்தி நல்லது கெட்டது சொல்லக்கூடாது. எல்லா குரூப்லயும் பொதுவா இருக்கறத சொல்றேன், எது நிச்சயம் எது என் அபிப்பிராயம்னு அங்கங்க சொல்லிடறேன்.

முதல்ல லேப். காவலூர்ல 2.34 மீட்டர் கண்ணாடி வெச்ச டெலஸ்கோப்ப பார்த்துட்டு வந்தவங்க இங்க வந்தா ஏமாந்துதான் போவாங்க. ஒரு ரூமு, ஏசி, நடுவுல ரெண்டு மூணு மீட்டர் நீளத்துக்கு எஃகு டேபிள், மேல 25 மில்லிமீட்டருக்கு ஒரு திருகு ஓட்டை, தரையோட அதிர்வு மேல ஏறக்கூடாதுன்னு டேபிளோட கால்ல காத்தடிச்சு மிதக்க விட்டிருப்பாங்க. டேபிள் மேல சின்னச்சின்ன கண்ணாடி, லென்ஸ், ஒரு ஊதா லேசர், விரல் நகம் அளவுல ஒரு கிறிஸ்டல். ரொம்பப் பேரு பண்ற ஒரு எக்ஸ்பெரிமென்ட சொல்றேன், 405 நானோமீட்டர் ஒளி அந்த கிறிஸ்டல் உள்ள போகும், பல கோடி ஃபோட்டான்ல, அதாவது ஒளியோட சின்னத் துணுக்குல, ஏதோ ஒண்ணு ரெண்டா பிரிஞ்சு 810 நானோமீட்டர்ல ஜோடியா வெளிய வரும், இது நடைமுறையில கண்ணுக்குத் தெரியாத ஒளி, அதை ஃபைபர்ல புடிச்சு ஒத்தை ஃபோட்டானை எண்ணுற டிடெக்டருக்கு அனுப்பணும். ரெண்டு டிடெக்டரும் சில நானோசெகண்டுக்குள்ள சேர்ந்து அடிச்சா அதுக்கு கோ-இன்சிடென்ஸ்னு பேரு. அந்த நம்பர் ஸ்க்ரீன்ல ஏறணும், அதுக்காக ஒரு ஆளு கண்ணாடி மவுண்ட்ல இருக்கற திருகை மயிரிழை அளவுக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் திருப்பிக்கினு நிப்பாங்க, காத்தால ஆரம்பிச்சா சாப்பாட்டு நேரம் வரைக்கும் நம்பர் அசையாமயே நிக்கும். மானிட்டர்ல, பவர் சப்ளைல மினுக்கற குட்டி எல்இடி வெளிச்சம் கூட எண்ணிக்கையில கலந்துடும்னு எல்லாத்து மேலயும் கறுப்பு டேப் ஒட்டி வெச்சிருப்பாங்க. டிடெக்டர் ஆன்ல இருக்கறப்ப யாராவது வந்து ட்யூப்லைட்ட போட்டா லட்சக்கணக்குல விலை உள்ள சாமான் போயிடலாம், அதனால கதவுல பெரிசா ஒரு பேப்பர் ஒட்டியிருக்கும்.

இதை ஏன் இவ்ளோ சொல்றேன்னா, எந்தத் திருகை முதல்ல தொடணும், எந்தக் கண்ணாடியை என்ன ஆனாலும் தொடவே கூடாது, நம்பர் திடீர்னு விழுந்தா லேசர் சூடாகலையா, ஏசி நின்னுதா, ஃபைபரை யாராவது இடிச்சுட்டாங்களான்னு எந்த வரிசையில பாக்கணும், இதெல்லாம் எந்தப் புஸ்தகத்துலயும் முழுசா இல்ல, ஆளுகிட்ட இருந்து ஆளுக்குத்தான் போகுது. ஆரணியில புதுசா தறியில உக்கார்ற பையனுக்கு முதலாளி வந்தா கத்துக்குடுக்கறாரு, பக்கத்துத் தறிக்காரர்தான கை புடிச்சு காட்டறாரு, இங்கயும் அதே கதைதான். பாப்பாவுக்கு அந்தப் பக்கத்துத் தறி அவளை விட ரெண்டு மூணு வருஷம் முன்னாடி சேர்ந்த சீனியர். என்னோட மொத்தக் கருத்தும் இதுதான், குரூப்ப எடை போடறப்ப ப்ரொஃபசரோட பேரு புகழ விட, பாப்பா சேர்ற அன்னிக்கு அந்த டேபிள்ல கை வெச்சுப் பழகின ஒருத்தர் இன்னும் ரெண்டு வருஷமாவது அங்க இருப்பாங்களான்னு பாருங்க. சீனியர் எல்லாரும் ஒரே வருஷத்துல தீசிஸ் குடுத்துட்டு போயிட்டாங்கன்னா அங்க மேஜையும் லேசரும்தான் மிச்சம் இருக்கும், அதை மறுபடி ஓட வெக்கவே ஒரு வருஷம் போயிடும். சேர்ந்து கண்ணைக் கசக்கிக்கினு வந்த பசங்கள்ல பாதிப்பேரு கதை இதுதான்.

இப்ப லிஸ்ட்டுக்கு வருவோம். மேல இருக்கற ப்ரொஃபசர், நம்ம ஊர்ல கைடுன்னு சொல்றவரு, அவருதான் ப்ராஜெக்ட் எழுதி காசு வாங்கறவரு, என்ன பண்ணணும்னு தீர்மானிக்கறவரு, கடைசியில தீசிஸ்ல கையெழுத்து போடறவரு. கிளாஸ் எடுக்கணும், கமிட்டிக்கு போகணும், டெண்டர் ஃபைல் பாக்கணும், டேபிள் பக்கம் வாரத்துக்கு ஒரு தடவை வந்தாலே பெரிசு. புதுசா சேர்ந்த அசிஸ்டன்ட் ப்ரொஃபசரா இருந்தா கதை வேற, அவரே சட்டை கையை மடிச்சுக்கினு கூட நிப்பாரு, ஆனா லேபே இன்னும் கட்டல, ஃபாரின்ல இருந்து சாமான் வந்து கஸ்டம்ஸ்ல மாசக்கணக்கா கெடக்கும், அவரோட முதல் ஸ்டூடண்ட்டுக்கு முதல் ரெண்டு வருஷம் பெட்டி பிரிக்கற வேலைதான். அதுலயும் ஒரு லாபம் இருக்கு, லேப்ப அடியில இருந்து கட்டினவங்களுக்கு அப்பறம் எங்க போனாலும் பயமே இருக்காது. எது மேல்னு ஒரே வரியில சொல்ல மாட்டேன், பொறுமை உள்ள பொண்ணுன்னா புதுசு நல்லது, வீட்ல அவசரம்னா ஓடிக்கினு இருக்கற லேப்தான் நல்லது. ஒண்ணு மட்டும் ரூல் புக்லயே இருக்கு, யூனிவர்சிட்டிங்களுக்கு விதி போடற யூஜிசியோட 2022 பிஎச்டி விதிப்படி ப்ரொஃபசர் ஒரே நேரத்துல 8 பேருக்கு மேல கைடா இருக்கக்கூடாது, அசோசியேட் 6, அசிஸ்டன்ட் 4. ரிட்டையர்மென்ட்டுக்கு மூணு வருஷத்துக்குள்ள இருக்கறவரு புது ஸ்டூடண்ட்ட எடுக்கவே கூடாது. அதனால கைடோட வயசை விசாரிக்கறதுல கூச்சமே வேணாம். ஐஐடி மாதிரி இடத்துக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது, அவங்களுக்கு சொந்த விதி.

போஸ்ட்டாக்னா பிஎச்டி முடிச்சுட்டு ஒண்ணு ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்ல வந்திருக்கறவங்க, நம்ம நாட்டுல ரிசர்ச் அசோசியேட்னு போட்டு மாசம் 58,000ல ஆரம்பிப்பாங்க. குரூப்லயே வேகமா வேலை தெரிஞ்ச ஆளு இவங்கதான், ஆனா மனசு பாதி அடுத்த வேலை தேடறதுல இருக்கும், குத்தம் சொல்ல முடியாது. நல்ல போஸ்ட்டாக் ஒருத்தர் கிடைச்சா பாப்பாவுக்கு அது அதிர்ஷ்டம், ஆனா அவரையே நம்பி சேரக்கூடாது, ஆறே மாசத்துல கூட ஆர்டர் வாங்கிக்கினு கிளம்பிடுவாங்க. எஸ்ஆர்எஃப், ஜேஆர்எஃப் ரெண்டும் பிஎச்டி ஸ்டூடண்ட்ஸ்தான், முதல் ரெண்டு வருஷம் ஜூனியர், மாசம் 37,000, அப்பால சீனியர், 42,000, ரெண்டுக்கும் மேல வாடகைப் படி தனி, இது 2023 ஜனவரில இருந்து நடப்புல இருக்கற தொகை. இந்த ஃபெலோஷிப்புக்கான நெட்ங்கற தேசியத் தேர்வ பாஸ் பண்ணாம சென்ட்ரல் யூனிவர்சிட்டில பிஎச்டி சேர்ந்தா ரொம்ப வருஷமா குடுத்துக்கினு இருக்கறது மாசம் 8,000தான், வித்தியாசத்தை பாருங்க.

இங்கதான் நீங்க உஷாரா இருக்கணும். ப்ராஜெக்ட் அசோசியேட், ப்ராஜெக்ட் ஜேஆர்எஃப்னு ஆர்டர்ல இருந்தா அது வேலை, பிஎச்டி சீட் கிடையாது. ப்ரொஃபசர் வாங்கின ப்ராஜெக்ட்ல ஒரு ஆளுக்கு சம்பளம் இருக்கு, அந்த ஆளா எடுத்துக்கறாங்க, ப்ராஜெக்ட் முடிஞ்சா வேலையும் முடிஞ்சுது. நடுவுல யூனிவர்சிட்டி என்ட்ரன்ஸ் எழுதி ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம்னு வாயால சொல்லுவாங்க, நிறைய இடத்துல அப்படியே நடக்கவும் செய்யுது, ஆனா மூணு வருஷம் ராப்பகலா உழைச்சுட்டு ரெஜிஸ்ட்ரேஷனே ஆகாம திரும்பி வந்த ராணிப்பேட்டை பையனையும் எனக்குத் தெரியும். பாப்பாவுக்கு வந்திருக்கற லெட்டர்ல பிஎச்டி அட்மிஷன்னு இருக்கா, இல்ல ப்ராஜெக்ட் பேரும் முடியற தேதியும் போட்டிருக்கான்னு முதல்ல அதைப் படிங்க. ப்ராஜெக்ட்டா இருந்தா வேணாம்னு சொல்லல, எம்எஸ்சி முடிச்சுட்டு ஒரு வருஷம் அப்படி இருந்து வேலை கத்துக்கினு, கூடவே நெட், கேட், ஜெஸ்ட் எழுதறது ரொம்ப நல்ல வழி, அது இன்னதுன்னு தெரிஞ்சு போகணும், அவ்ளோதான்.

தியரி ஆளுங்களும் ஒண்ணு ரெண்டு பேரு இருக்கலாம், அவங்களுக்கு கரும்பலகையும் கம்ப்யூட்டரும் போதும், க்யூடிப்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல கணக்கு போட்டுக்கினு இருப்பாங்க. அந்தப் பக்கம் நான் வேலை பார்த்ததில்ல, அதனால நீட்ட மாட்டேன். ஆனா தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்துல உறவு இருக்குன்னு சொன்னா அந்தப் பக்கம்தான், குவாண்டம் ஆப்டிக்ஸோட அஸ்திவாரத்துல ஒரு கல்லு ஒளியை குவாண்டம் முறையில எப்படி விவரிக்கறதுன்னு 1963ல ஈ.சி.ஜி. சுதர்சன் எழுதின பேப்பர், அவரு தாம்பரத்துல மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல படிச்சவரு. அதே வருஷம் அதே விஷயத்தை எழுதின அமெரிக்க விஞ்ஞானி கிளாபருக்கு 2005ல நோபல் வந்துது, சுதர்சனுக்கு வரல, அந்தச் சண்டை இன்னிக்கும் எங்க ஆளுங்க டீக்கடையில ஓயல.

லிஸ்ட்டுல கடைசியில டெக்னீஷியன்னு ஒருத்தர் இருக்காருன்னு சொன்னீங்களே, அவரை சாதாரணமா நினைக்காதீங்க. 2022ல ஆலன் ஆஸ்பேங்கற பிரெஞ்சு விஞ்ஞானிக்கு நோபல் வந்துதே, அது 1981, 82ல பாரிஸ் பக்கத்துல ஓர்சேல ஜோடி ஃபோட்டானுக்கு நடுவுல இருக்கற குவாண்டம் தொடர்பை சோதிச்சுப் பண்ண எக்ஸ்பெரிமென்ட்டுக்கு, அந்த மூணு பேப்பர்லயும் ஆஸ்பே பேரோட கூட இருக்கற இன்னொரு பேரு ஜெரார் ரோஜே. அவரு எஞ்சினியர். ரெண்டு பேப்பர்ல கிராஞ்சியே, ஒண்ணுல தலிபார், அவங்கல்லாம் அன்னிக்கு சின்னப் பசங்க, மாறி மாறி வந்தாங்க, எஞ்சினியர் மூணுலயும் இருக்கார். நம்ம யூனிவர்சிட்டிங்கள்ல அந்த அளவுக்கு மரியாதை குடுக்கறது இல்லதான், பேப்பர்ல பேரு போடறதும் அபூர்வம். ஆனா லேத்துல ஒரு ஹோல்டர் கடைஞ்சு குடுக்கறவரு, சில்லர் எப்ப மக்கர் பண்ணும்னு சத்தத்துலயே கண்டுபுடிக்கறவரு, அவரு அங்க பல வருஷமா இருக்காருன்னா அந்த லேப்ல சீனியர் போனாலும் விஷயம் முழுசா போயிடாது. அதே மாதிரி ஆபீஸ்ல ஃபெலோஷிப் பில் போடற கிளார்க், அவரும் குரூப்ல ஒருத்தர்தான், லிஸ்ட்ல பேரு இருக்காது, அவ்ளோதான்.

அடுத்து பேப்பர். குரூப்ல இருந்து வந்த பேப்பரை நாலஞ்சு எடுத்துப் பாருங்க, ஃபிசிக்ஸ் புரியணும்னு அவசியமே இல்ல, பேரு வரிசையை மட்டும் பாருங்க. எக்ஸ்பெரிமென்ட் பேப்பர்ல பொதுவா வேலை செஞ்சவங்க பேரு முதல்ல, ப்ரொஃபசர் பேரு கடைசியில வரும், தியரியில சில சமயம் அகர வரிசையில போடுவாங்க அதனால அங்க இந்தக் கணக்கு செல்லாது. ஒரே மாதிரி ரெண்டு ஃபோட்டான் பாதி ஒளியை மட்டும் திருப்பி விடற ஒரு கண்ணாடியில சந்திச்சா சேர்ந்தே ஒரே பக்கம் போகும்னு காட்டின 1987 பேப்பர் இருக்கே, ஹாங், ஊ, மாண்டல், அதுல குரூப்போட தலைவர் மாண்டல் கடைசி. ஆஸ்பே பண்ண மாதிரி சோதனைக்கு பெல் டெஸ்ட்னு பேரு, 1972ல அமெரிக்காவுல பெர்க்லில பண்ண முதல் பெல் டெஸ்ட்ல ஃப்ரீட்மேன்னு பிஎச்டி ஸ்டூடண்ட் பேரு முதல்ல, பின்னாடி நோபல் வாங்கின கிளவுசர் ரெண்டாவது. நீங்க பாக்கற குரூப்ல ஸ்டூடண்ட் பேரு முதல்ல வருதா, வேற வேற ஸ்டூடண்ட் பேரா வருதா, இல்ல ஒரே ஒரு செல்லப்பிள்ளை பேரே திரும்பத் திரும்ப வருதா. அப்பால பழைய ஸ்டூடண்ட்ஸ் எங்க போனாங்கன்னு பாருங்க, போஸ்ட்டாக், காலேஜ், கம்பெனி எதுவா இருந்தாலும் சரி, எங்கயோ போயிருக்கணும். அஞ்சு பேரு சேர்ந்து ரெண்டு பேரு எங்க போனாங்கன்னே யாரும் சொல்லலன்னா, அந்த ரெண்டு பேரைத்தான் முதல்ல தேடிப் புடிச்சுப் பேசணும். ஒருத்தர் விட்டுட்டு போனதுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், அதை வெச்சே முடிவு பண்ணிடாதீங்க, ரெண்டு பேரும் தனித்தனியா ஒரே காரணம் சொன்னா மட்டும் காதுல போட்டுக்கங்க.

ராத்திரி விஷயம். ராத்திரியில வேலை நடக்கும், அது நிஜம், பில்டிங்ல ஆள் நடமாட்டம் இல்ல, லிஃப்ட் ஓடாது, ரூம் சூடு ஒரே நிலையில நிக்கும், டேட்டா சுத்தமா வரும். ஆனா ராத்திரி முழுக்க ஆளு உக்காந்து இருக்கணும்னு கட்டாயம் முன்ன மாதிரி இல்ல, நிறைய எக்ஸ்பெரிமென்ட்ட கம்ப்யூட்டர்ல ஓட விட்டுட்டு ஹாஸ்டல்ல இருந்தே பாக்கறாங்க. அலைன்மென்ட், அதாவது கண்ணாடியெல்லாம் நேர் பண்ற காலத்துலயும் புதுசா எதையாவது மாத்தற காலத்துலயும் கை வேணும், அப்ப லேட்டாகும். பவர் அதிகமான லேசர் இருக்கற லேப்ல தனியா ஒருத்தர் இருக்கக்கூடாதுன்னு விதி வெச்சிருப்பாங்க, அப்படி ஒரு விதி அங்க இருக்கா, அதை மதிக்கறாங்களான்னு அங்க இருக்கற பொண்ணுங்ககிட்ட கேளுங்க, ப்ரொஃபசர்கிட்ட கேட்டா இருக்குன்னுதான் சொல்வார். பாப்பா வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் கழட்டி வெச்சுட்டுதான் டேபிள்கிட்ட போகணும், லேசர் அதுல பட்டு எந்தப்பக்கம் தெறிக்கும்னு சொல்ல முடியாது, கீழ விழுந்ததை எடுக்கக் குனிஞ்சா கண்ணை மூடிக்கினு குனியணும்னு முதல் நாளே சொல்லிக் குடுக்கற லேப் நல்ல லேப். சொல்லிக் குடுக்காத லேப்பும் இருக்கு. புகார் குடுக்க இன்டர்னல் கமிட்டி எல்லா யூனிவர்சிட்டியிலும் இருந்தே ஆகணும், 2013 சட்டம், 2015ல யூஜிசியும் தனியா விதி போட்டுது, அதுல மெம்பர் யாருன்னு தெரிஞ்சு வெச்சுக்கறது தப்பில்ல. பொண்ணுங்களுக்கு லேசர் வேலை ஒத்து வராதுன்னு சொந்தக்காரங்க யாராவது சொன்னா, டோனா ஸ்ட்ரிக்லண்ட் 1985ல பிஎச்டி ஸ்டூடண்ட்டா இருந்தப்ப எழுதின முதல் பேப்பருக்குத்தான் 2018ல நோபல் வாங்கினாங்கன்னு சொல்லுங்க, அதுவும் லேசர் வேலைதான்.

கல்யாணப் பேச்சு. விதிப்படி பிஎச்டிக்கு குறைஞ்சது மூணு வருஷம், அதிகபட்சம் ஆறு, பொண்ணுங்களுக்கு அதுக்கு மேல ரெண்டு வருஷம் கூடுதலா கிடைக்கும், பிரசவம், குழந்தை பாத்துக்கறதுக்குன்னு மொத்தப் படிப்புக் காலத்துல 240 நாள் வரைக்கும் லீவும் உண்டு. நடைமுறையில எக்ஸ்பெரிமென்ட்ல அஞ்சுல இருந்து ஆறு ஆகும்னு வெச்சுக்கங்க, நாலுல முடிச்சுடலாம்னு யாராவது சொன்னா சந்தேகப்படுங்க. நடுவுல கல்யாணம் பண்ணி முடிச்சவங்களும் இருக்காங்க, மாப்பிள்ளை வீடு அந்த ஊர்லயே இருந்தா ஒரு மாதிரி, அமெரிக்கா மாப்பிள்ளைன்னா டேபிளை கூட எடுத்துக்கினு போக முடியாது. இது உங்க வீட்டு விஷயம், பாப்பாவை உக்கார வெச்சு அவகிட்டயே கேளுங்க. முடிச்சதும் வேலை நிச்சயமான்னா, காசு வருதுங்கறது நிச்சயம், 2023 ஏப்ரல்ல மத்திய அரசு நேஷனல் குவாண்டம் மிஷனுக்கு 2030-31 வரைக்கும் 6003.65 கோடி ஒப்புதல் குடுத்துது, குவாண்டம் கம்யூனிகேஷனுக்கான மையம் ஐஐடி மெட்ராஸ்லதான். அந்தக் காசு எத்தனை பேருக்கு நிரந்தர வேலையா மாறும்ங்கறதுலதான் எனக்கு சந்தேகம், டிவியில சொல்ற அளவுக்கு இருக்காதுன்னு என் எண்ணம், ஆனா லேசர், டிடெக்டர், எலக்ட்ரானிக்ஸ்ல கை பழகின ஆளு பட்டினி கெடந்து நான் பாத்ததில்ல.

இனிமே நீங்க செய்ய வேண்டியது. குரூப்ல மூணாவது வருஷம் படிக்கற ஒரு ஸ்டூடண்ட்டோட நம்பர் வாங்குங்க, பாப்பாவே பேசட்டும், நீங்க பேச வேணாம், அண்ணன் பேசினா அவங்க வாயத் திறக்க மாட்டாங்க. நீங்க எப்ப முடிக்கறீங்க, எனக்கு டேபிள்ல யாரு சொல்லிக் குடுப்பாங்க, சார் லேப்புக்கு கடைசியா எப்ப வந்தாரு, ஃபெலோஷிப் மாசாமாசம் வருதான்னு இந்த நாலும் கேட்டாலே பாதி தெரிஞ்சுடும். முடிஞ்சா காட்பாடியில ரயில் ஏத்தி ஒரு தடவை நேர்ல போய் லேப்ப பாத்துட்டு வரச் சொல்லுங்க, போறப்ப ப்ரொஃபசர் ரூம்ல உக்காந்துட்டு வந்துடாம மத்தியானம் அங்க இருக்கற பசங்களோட மெஸ்ல சாப்பிடட்டும். சேர்றதுன்னு முடிவாச்சுன்னா கையில நாலு மாசச் செலவுக்கு பணம் குடுத்து அனுப்புங்க, முதல் ஃபெலோஷிப் வர்றதுக்கு நிறைய இடத்துல அவ்ளோ நாள் ஆகுது, வந்தா அரியரோட மொத்தமா வந்துடும். லெட்டர்ல என்ன போட்டிருக்குன்னு பாத்துட்டு, யூனிவர்சிட்டி பேரை மறைச்சுட்டு அந்த வரியை மட்டும் கீழ எழுதுங்க, பிஎச்டியா ப்ராஜெக்ட்டான்னு பாத்து சொல்றேன்.